டிரெய்னிங் இலவசம் என்கிறார்கள், அப்புறம் இந்தச் செலவெல்லாம் யாருடையது?

புதுக்கடை:
ஒரு உணவக பிராண்டின் ஃபிரான்சைஸ் (அவர்கள் பெயரில், அவர்கள் முறைப்படி கடை நடத்தும் உரிமை) எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பக் கட்டணத்திலேயே டிரெய்னிங்கும் அடக்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒப்பந்த நகலைப் படித்தால் உரிமையாளர், ஒரு மேனேஜர் என இரண்டு பேருக்குத்தான் இடம். பயணம், தங்குமிடம், சாப்பாடு, டிரெய்னிங் நடக்கும் ஆறு வாரச் சம்பளம் எல்லாம் என் பொறுப்பாம். எல்லோருக்கும் இப்படித்தானா, இல்லை என்னைப் பார்த்தால் இளிச்சவாயன் மாதிரி தெரிகிறதா?

கிச்சன்காரன்:
எல்லோருக்கும் இப்படித்தான் நண்பரே. இலவசம் என்பது வகுப்புக்கு மட்டும். நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கடை திறக்கும் முன் மற்ற ஊழியர்களைப் பழக்கும் செலவு. பழகும்போது டைமர் கத்தக் கத்தச் சமைத்து, ஒவ்வொரு தட்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே குப்பையில் கொட்டுவார்கள், அந்தச் சரக்கு உங்கள் காசு. எனக்கு உள்வேலை முடியாமல் திறப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது. சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தேன், அப்படியும் பழகியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மறுபடி முதலிலிருந்து. அதனால் கட்டட வேலை முடியும் தேதி உறுதியாகாமல் ஆள் எடுக்காதீர்கள்.

இரண்டு கிளை:
அது ஒரு முறை செலவு, போகட்டும். எனக்கு வலித்தது பிறகுதான். எட்டாவது மாதம் மேனேஜர் விலகினார். அவர்களிடம் பயிற்சி முடித்த மேனேஜர் இல்லாமல் கடை நடத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, புதியவரை அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். எவ்வளவு என்று பார்த்தால் "அப்போது நடைமுறையில் உள்ள கட்டணம்" என்று ஒரே வரி. அதாவது அவர்கள் வைத்ததுதான் விலை. கையெழுத்துக்கு முன் அந்த வரிக்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள், முடிந்தால் முதல் வருடம் விலகுபவருக்குப் பதிலாக வரும் ஒருவருக்குப் பயிற்சி இலவசம் என்று எழுதி வாங்குங்கள். நான் இப்போது எப்போதும் ஒரு உதவி மேனேஜரையும் பயிற்சி முடித்து வைத்திருக்கிறேன். கூடுதல் சம்பளம்தான், ஆனால் நிம்மதி.

படித்துப்பார்:
அந்த பிராண்ட் அமெரிக்காவிலும் ஃபிரான்சைஸ் விற்கிறதா? அங்கே கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே ஒரு விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். அதில் 6-வது பகுதியில் பிற்பாடு வரும் கட்டணங்கள், 7-ல் ஆரம்ப முதலீட்டுக் கணக்கு, 11-ல் பயிற்சி அட்டவணை: எந்தப் பாடம், வகுப்பில் எத்தனை மணி நேரம், கடையில் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில். உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் செல்லாது என்றாலும் அதே கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கலாம். 20-வது பகுதியில் இப்போதைய உரிமையாளர்களோடு விலகியவர்களின் பட்டியலும் இருக்கும். விலகியவர்களுக்கு முதலில் போன் போடுங்கள், அவர்கள்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்.

புதுக்கடை:
நன்றி. உச்சவரம்பு பற்றி இன்று பிராண்டின் ஆளிடம் கேட்டேன். "இதுவரை யாரும் கேட்டதில்லையே சார்" என்றார். சரி, மெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன், அதுவரை முன்பணம் கட்டப் போவதில்லை.