சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரக் குழு: பெருந்தொற்று வந்தால் சரக்கு வருமா?

மளிகைக்கடை அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் எடுக்கும் ஒரு சமையல் ஒப்பந்த நிறுவனம், சளிக்காய்ச்சல் பெருந்தொற்று வந்தால் எத்தனை நாள் தடையின்றிச் சரக்கு தர முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டிருக்கிறது. மாத இறுதிக்குள் பதில் தரவேண்டும். முகக்கவசம் இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம் என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். என்ன எழுதலாம் என்று யோசனை சொல்லுங்கள்.

உணவகக்காரர்: வராத நோய்க்கு இப்போதே கஷாயம் காய்ச்சச் சொல்கிறார்கள். கொவிட்டையே பார்த்துவிட்டோம். சளிக்காய்ச்சலுக்கு மூன்று நாள் மிளகு ரசம் போதும். நேற்று இதே குழுவில், பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது, முட்டை சாப்பிடாதீர்கள் என்று ஒரு குரல்பதிவு சுற்றியது. அதைக் கேட்டு என் கடையில் இரண்டு பேர் ஆம்லெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாதி அக்கா: நன்றாக வேகவைத்த முட்டையால் யாருக்கும் பறவைக் காய்ச்சல் வராது, அந்தக் குரல்பதிவை நீக்கிவிடுங்கள். ஆனால் ரசம் பற்றி நீங்கள் சொன்னது ஆண்டுதோறும் வரும் சளிக்காய்ச்சலுக்கே முழுமையாகப் பொருந்தாது. பெருந்தொற்றை உண்டாக்குவது பெரும்பாலோரின் உடல் முன்பு கண்டிராத புதிய வகைக் கிருமி. 1918-ல் வந்தது உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். 2009-ல் வந்தது அவ்வளவு கொடியதாக இல்லை. அடுத்தது எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 1997-ல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். 2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அது பரவியது தெரியவந்தது. இதுவரை மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகத் தாவும் திறனை அது பெறவில்லை. அந்தத் திறன் வந்த பிறகு திட்டம் எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா: 1957-ல் ஆசியச் சளிக்காய்ச்சல் இந்தத் தீவில் பரவியபோது, அந்தக் கிருமி வகைக்கே ஆய்வாளர்கள் சிங்கப்பூரின் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் இங்கிருந்து மதராஸ் துறைமுகம் சேர்ந்த கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். இந்தியாவில் அந்த நோய் தொடங்கியதும் அப்போதுதான். நோய் ஊரிலிருந்துதான் நமக்கு வரும் என்று எண்ணுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இப்போது கப்பல் பயணத்துக்குப் பதில் நான்கு மணி நேர விமானம்.

மளிகைக்கடை அண்ணன்: அக்கா, 2003-ல் சார்ஸ் வந்தபோது காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பார்த்தோமே, அதையே எழுதிவிடலாமா?

தாதி அக்கா: எழுதலாம், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்றது, கொடிய நோய்தான். ஆனாலும் நோயாளிக்குக் காய்ச்சல் வந்து சில நாள்கள் ஆன பிறகே அது அதிகமாகப் பரவியது. அதனால் வெப்பமானி வைத்துப் பிடிக்க முடிந்தது. சளிக்காய்ச்சலில், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுவார். தொற்றியவருக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் நோய் வெளிப்படும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நாம் தேடி முடிப்பதற்குள் அடுத்த சுற்று தொடங்கியிருக்கும். எனவே உடம்பு சரியில்லை என்று உணரும் ஊழியர் அன்றே வேலைக்கு வராமல் இருப்பதுதான் ஒரு கடைக்கு முதல் பாதுகாப்பு.

உணவகக்காரர்: வராமல் இருந்தால் அடுப்பை யார் பார்ப்பது?

தாதி அக்கா: அதைத்தான் இப்போதே யோசிக்கச் சொல்கிறோம். 2006-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட திட்டத்தில், பரவல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பத்துப் பேரில் நான்கு பேர் வரை வேலைக்கு வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டமிடச் சொல்லியிருந்தார்கள். நோயாளிகள் மட்டுமல்லாமல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவர்களும், பயந்து வராதவர்களும் அதில் அடக்கம்.

மளிகைக்கடை அண்ணன்: எங்களுக்கு அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. என் ஊழியர்களில் பாதிப் பேர் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். 2020 மார்ச் 16 இரவு மலேசியா அறிவித்தது, 18-ஆம் தேதி எல்லை மூடப்பட்டது. இடையில் கிடைத்த ஒரே நாளில் மாற்றுத் துணிகூட எடுக்காமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வந்தவர்கள் உண்டு. ஊருக்குப் போயிருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். மார்ச் கடைசியில் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது, மே 7-ல் சிறப்பு விமானங்கள் தொடங்கும்வரை அங்கிருப்பவர் அங்கே, இங்கிருப்பவர் இங்கே. ஆகவே, எல்லை மூடினால் இந்தப் பக்கம் தங்கச் சம்மதிப்பவர்கள் யார், அவர்களுக்கு அறை எங்கே, வாடகை யார் தருவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைக்கப்போகிறேன். வரச்சொல்லி யாரையும் வற்புறுத்தப்போவதில்லை. குழந்தைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க எல்லாராலும் முடியாது.

கணக்காளர்: அண்ணன் அறை வாடகை பற்றிப் பேசுவதால் மற்ற கணக்குகளையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் அரசு தந்த சம்பள ஆதரவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்காக முதலாளிகளுக்குக் கிடைத்தது, அவர்களுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையில் விலக்கும் தள்ளுபடியும்தான். அடுத்த முறை அதுவும் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் கடை வாடகைக்கும் பணம் தனியாக இருக்கவேண்டும். வணிகத் தடைக் காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்கள் அந்தப் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தொற்றுநோயால் ஏற்படும் இழப்பை விலக்கும் வரி பலவற்றில் இருக்கிறது.

விடுதித் தம்பி: வணக்கம். நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. 2020-ல் பொங்கோல் பக்கத்து வெளிநாட்டு ஊழியர் விடுதி தனிமைப்படுத்தப்பட்டபோது நான் துவாஸில் வேறொரு விடுதியில் இருந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்த ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிருமி வந்து போயிருந்தது. ஒரே அறை, ஒரே குளியலறை, ஒரே லாரி. வேறு என்ன நடக்கும்? இங்கே பேசுகிற எல்லாமே சரி. ஆனால் காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய மிகைநேரச் சம்பளம் போய்விடும், அடுத்த வாரம் பெயர் பட்டியலில் இருக்காது என்று பயப்படுகிறவன் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான். முதலாளி வாசலில் வெப்பமானி வைத்தாலும் மாத்திரை அதை ஏமாற்றிவிடும். கடன் வாங்கி வந்தவனுக்கு ஒரு நாள் சம்பளம் என்ன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

தாதி அக்கா: தம்பி சொன்னதுதான் இந்த உரையாடலில் முக்கியமானது. அண்ணனின் கடிதத்தில் முதல் பத்தியாக இது வரவேண்டும்.

கணக்காளர்: சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது. ஒரு முதலாளியிடம் ஆறு மாதம் பணிபுரிந்த ஊழியருக்கு, வெளிநாட்டவராக இருந்தாலும், ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். மூன்று மாதம் ஆனவருக்கு 5 நாளில் தொடங்கி அது படிப்படியாகக் கூடும். மூன்று மாதம் முடியாதவருக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. மிகைநேரச் சம்பளமும் இதில் வராது. தம்பி சொன்ன பயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். முதலாளி தாமாக முன்வந்து நிரப்பினால் செலவு பெரிதல்ல. ஒருவர் மறைத்து வந்து ஐவரைப் படுக்கவைப்பதைவிடக் குறைவு.

பூக்கடை அம்மா: வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். எனக்குச் சர்க்கரை நோய், மாமியாருக்கு இரத்த அழுத்தம். டாமிஃப்ளு என்ற சளிக்காய்ச்சல் மாத்திரையை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று என் மகன் கேட்கிறான்.

தாதி அக்கா: வேண்டாம் அம்மா. அது மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காது. நோய் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், எல்லாக் காய்ச்சலுக்கும் அது மருந்தல்ல. உங்கள் இருவரின் வழக்கமான மாத்திரைகள் எப்போதும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வீட்டில் இருக்கட்டும், அதுதான் அவசரம். ஆண்டுச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். புதிய வகைக் கிருமியை அது தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனை நிரம்பிவழியும் நாளில் நீங்கள் ஆண்டுச் சளிக்காய்ச்சலுக்காக அங்கே வரிசையில் நிற்கும் வாய்ப்பு குறையும். புதிய தடுப்பூசி தயாராக மாதங்கள் ஆகும். 2009 ஏப்ரலில் கண்டறிந்த கிருமிக்குப் பல நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில்தான் ஊசி கிடைத்தது. ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே பேசிவையுங்கள், நாம் பறந்து போக முடியாது.

பூக்கடை அம்மா: அரிசி, பால்மாவு?

மளிகைக்கடை அண்ணன்: இரண்டு வாரத்துக்குப் போதும் அம்மா, அதையும் மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேருங்கள். 2020 பிப்ரவரி 7 மாலை அரசின் நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு மாறியதும் பேரங்காடிகளில் அரிசியும் நூடுல்ஸும் கழிவறைத்தாளும் காலியானது நினைவிருக்கும். தட்டுப்பாடு உண்மையில் இல்லை. எல்லாரும் ஒரே மாலையில் வாங்கியதால் தட்டு காலியாகத் தெரிந்தது. அரிசி கப்பலில் வருகிறது, என் கிடங்கில் இருக்கும். உங்கள் மல்லிகைக்கும் என் வெற்றிலைக்கும்தான் உறுதி சொல்ல முடியாது. அவை விமானத்தில் வருபவை, பயணிகள் விமானம் நின்றால் சரக்கிடமும் சுருங்கும்.

மளிகைக்கடை அண்ணன்: கடிதத்தின் வரைவு இது. "அரிசி, பருப்பு, எண்ணெய், புளி ஆகியவற்றை ஆறு வாரத்துக்குத் தரும் அளவு இருப்பு வைப்போம். பச்சைக் காய்கறி, இலை, பூ ஆகியவற்றுக்கு உறுதி தர இயலாது. ஊழியர்கள் இரு குழுக்களாக, ஒருவரை ஒருவர் சந்திக்காமல் வேலை செய்வார்கள். சரக்கு ஏற்றுவது, ரசீது போடுவது, வண்டி ஓட்டுவது ஆகியவற்றை ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இருவர் அறிந்திருப்பார்கள். காய்ச்சல் உள்ள ஊழியருக்கு, சேர்ந்த நாள் எதுவாயினும், ஏழு நாள் வரை முழுச் சம்பளம் தரப்படும்." குறை இருந்தால் சொல்லுங்கள்.

விடுதித் தம்பி: கடைசி வரியைத் தமிழிலும் வங்காளத்திலும் அச்சடித்துக் கிடங்குச் சுவரில் ஒட்டுங்கள், அண்ணா. வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதம் எங்கள் கண்ணில் படாது.

உணவகக்காரர்: அந்த வரைவை எனக்கும் அனுப்புங்கள், இருப்புப் பகுதியை நீக்கிவிட்டுப் பயன்படுத்திக்கொள்கிறேன். பரோட்டா மாஸ்டர் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவருக்கும் எழுதித்தான் தரவேண்டுமா?

கணக்காளர்: சட்டம் அவருக்கு எதுவும் தராததால்தான் நீங்கள் எழுதித் தரவேண்டும், ஐயா.

உணவகக்காரர்: சரி, ஏழு நாள் என்று எழுதுகிறேன். மிகைநேரத்தையும் சேர்க்கச் சொல்லி யாரும் ஆரம்பிக்கவேண்டாம்.