கேட்டில் டிரைவர்களுக்கு ஊதல் சோதனை, போதை சோதனை: பிரச்சினை இல்லாமல் நடத்துவது எப்படி?

ஒரகடம்_டிரான்ஸ்போர்ட்:

வணக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஓட்டும் ஒப்பந்த நிறுவனம் எங்களுடையது. சுமார் 140 டிரைவர்கள், மூன்று ஷிப்ட். வண்டி எடுக்கும் முன் எல்லோரும் ஊதியே ஆக வேண்டும், மாதாமாதம் சிலரைக் குலுக்கலில் எடுத்து போதைப்பொருள் சோதனையும் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலை தரப்பு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டது.

தெரிய வேண்டியவை: எந்த மாதிரி மெஷின் வாங்குவது? வரம்பு பூஜ்ஜியமா, சட்டம் சொல்லும் 30-ஆ? "அரிஷ்டம் குடிச்சேன்", "மவுத்வாஷ் போட்டேன்" என்று சொன்னால் என்ன செய்வது? காலை 5 மணி ஷிப்டுக்கு வருபவர் முந்தின ராத்திரி குடித்திருந்தால் காட்டுமா? பாசிட்டிவ் வந்தால் அன்றைக்கே வேலையை விட்டு எடுக்க முடியுமா? தொழிற்சங்கமும் இருக்கிறது.

---

காலிபர்_மணி:

மெஷின் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஃப்யூவல் செல் சென்சார் உள்ளதை வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம் பூசிய மின்முனைகள் இருக்கும். மூச்சில் உள்ள ஆல்கஹால் அங்கே ஆக்சிஜனேற்றம் ஆகும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் அது அளக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செமிகண்டக்டர் மெஷின்கள் சிகரெட் புகைக்கும், சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும்கூட எகிறும். ஒருவருடைய வேலையை அதை நம்பித் தீர்மானிக்க முடியாது.

பிரின்டர் உள்ள மாடலாக இருக்கட்டும். வரிசை எண், தேதி, நேரம், ரீடிங் எல்லாம் தாளில் வர வேண்டும். தெர்மல் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மெஷினின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த நேரக் குளறுபடியைத்தான்.

அலகில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 சொல்லும் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. இதையே ஒரு மெஷின் 30 என்று காட்டும், இன்னொன்று 0.030 என்று காட்டும், மூச்சு அளவில் காட்டும் மெஷினில் லிட்டருக்கு 0.14 மி.கி. என்று வரும். மூன்றும் ஒரே அளவுதான் (ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100-க்கு 1 என்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள்). ஒரு கேட்டில் ஒரு அலகு, இன்னொரு கேட்டில் வேறு அலகு என்று வைத்தால் செக்யூரிட்டி 0.14-ஐ "அட, ஒண்ணுமில்லை" என்று விட்டுவிடுவார். எல்லா மெஷினையும் ஒரே அலகுக்கு செட் செய்து, செட்டிங்கைப் பூட்டிவிடுங்கள்.

காலிபரேஷன் (மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் திருத்துவது) 6 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கையில் ஊதியதும், எது முந்துகிறதோ அப்போது. தினம் 140 பேர் ஊதினால் அந்த எண்ணிக்கை சீக்கிரமே வந்துவிடும். இரண்டு மெஷினாவது வேண்டும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழை வாங்கி, மெஷினின் வரிசை எண் அதில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஊதும் இடத்தில் சானிடைசர் பாட்டில் இருக்கவே கூடாது. கையில் சானிடைசர் தடவிக்கொண்டு அதே கையால் மெஷினைப் பிடித்தால் அந்த ஆவிக்கே ரீடிங் வரும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் மெஷினை வைக்காதீர்கள், சென்சார் தாங்கும் வெப்பநிலைக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொருவருக்கும் முன்னால் காற்றை உறிஞ்ச வைத்து 0.00 வருகிறதா என்று பார்த்த பிறகே புது மவுத்பீஸ் மாட்ட வேண்டும். அதிக ரீடிங் ஒன்று வந்துவிட்டால் சென்சார் தெளியச் சில நிமிடம் ஆகும். அடுத்த ஆளை அவசரமாக ஊத வைத்தால் முந்தையவரின் மிச்சம் இவர் தலையில் விழும்.

ஊதுவது தொடர்ந்து சுமார் 5 விநாடி, ஒரே மூச்சாக. நுரையீரலின் அடிக்காற்று வர வேண்டும். உதட்டோரம் காற்றை விடுவது, உள்ளே இழுப்பது, நடுவில் நிறுத்துவது எல்லாம் நடக்கும். மூன்று முறை சரியாக ஊதாவிட்டால் மறுத்ததாகக் கருதப்படும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். ஆஸ்துமா போன்ற நோய் இருப்பவருக்கு மட்டும் டாக்டரிடம் அனுப்பும் வழி ஒன்று வேண்டும்.

---

லாரிஷெட்_குமார்:

பூஜ்ஜியம்னு வைங்க சார், வேலை முடிஞ்சுது. 0.01 காட்டினாலும் வீட்டுக்கு அனுப்புங்க. பேச்சே வேண்டாம்.

---

ஆலை_மருத்துவர்:

குமார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, கேட்டில் நிற்காது. விமானத் துறையில் பூஜ்ஜியம் இருக்கிறது: டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது, முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் உரிமம் நிறுத்தம். ஆனால் அங்கும் முதல் ஊதல் பாசிட்டிவ் என்றால் இடைவெளி விட்டு இரண்டாவது முறை ஊத வைத்த பிறகுதான் முடிவு. அந்த இரண்டாவது ஊதலை மறந்துவிட்டுப் பூஜ்ஜியத்தை மட்டும் காப்பி அடிப்பதில்தான் கோளாறே.

வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். மவுத்வாஷ், இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு மருந்து, நன்றாகப் பழுத்துப் புளிக்கத் தொடங்கிய பலாப்பழம் எல்லாமே இந்த வகை. 2025-இல் கேரளத்தின் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. (அரசு பஸ்) டிப்போவில் பலாச்சுளை தின்ற ஊழியர்கள் ஊதலில் சிக்கியது செய்தியானது. ஆகவே முதல் ரீடிங் வந்ததும் ஆளை ஓர் ஆள் கண்பார்வையில் உட்கார வைத்து, 15 நிமிடம் எதுவும் தின்னாமல், குடிக்காமல், புகைக்காமல் இருக்கச் செய்து மறுபடி ஊத வையுங்கள். வாயிலிருந்து வந்தது என்றால் ரீடிங் சரிந்துவிடும். ரத்தத்திலிருந்து வந்தது என்றால் ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

அரிஷ்டக் கதைக்குக் கணக்கு ஒன்று. தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் 5 முதல் 12% வரை ஆல்கஹால் இருக்கும். 30 மி.லி. குடித்தால், 10% என்று வைத்தாலும், உள்ளே போவது 3 மி.லி., அதாவது சுமார் 2.4 கிராம். 65 கிலோ ஆணின் ரத்தத்தில் அது சுமார் 5 மி.கி. தான். இரண்டாவது ஊதலில் 60 காட்டுபவர் "அரிஷ்டம்" என்றால் 300 மி.லி.க்கு மேல் கவிழ்த்திருக்க வேண்டும்.

இப்போது காலை 5 மணி விஷயம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி., 42.8% வீரியம், சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். அதே 65 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் ஏறக்குறைய 135 மி.கி. வரை ஏறும். உடல் மணிக்குச் சராசரியாக 15 மி.கி. தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல், கருப்பு காபி எதுவும் இதை வேகப்படுத்தாது. 30-க்கு இறங்கவே 7 மணி நேரம், பூஜ்ஜியமாக 9 மணி நேரம். ராத்திரி 10 மணிக்கு முடித்தவர் காலை 5 மணிக்கு வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பார், தெளிவாகப் பேசுவார், "நைட்டு போட்டது சார், இப்ப தொடவே இல்லை" என்று உண்மையையே சொல்வார். ஒரு ஆஃப் அடித்தவர் என்றால் மறுநாள் மதியம் வரை தேறமாட்டார். இந்தக் கணக்கை ஓய்வறையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பயமுறுத்தும் போஸ்டரைவிட இதைத்தான் டிரைவர்கள் நின்று படிப்பார்கள்.

வரம்புக்கு என் யோசனை: விதியில் "மதுவின் தாக்கத்தில் பணிக்கு வரக் கூடாது" என்று எழுதி, நடவடிக்கை எடுக்கும் அளவை 10-இல் வையுங்கள். அதற்குக் கீழே கருவியின் பிழையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 10 முதல் 30 வரை என்றால் அன்றைக்கு வண்டி கிடையாது, முதல் முறைக்கு மெமோவும் கிடையாது. 30-ஐத் தாண்டினால் சட்டப்படியே குற்றம், அங்கே சார்ஜ் மெமோ (எழுத்தில் குற்றச்சாட்டு).

கடைசியாக ஒன்று, யாரும் கவனிக்காதது. தினமும் குடிப்பவர் இந்தச் சோதனைக்குப் பயந்து சட்டென்று நிறுத்திவிட்டு வருவார். ரீடிங் 0.00. ஆனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. 40 பேரோடு பஸ் ஓட்டும்போது அது வந்தால்? ரீடிங்கை மட்டும் பார்க்காமல், பேப்பரைப் பிடிக்கும்போது கையைப் பாருங்கள். நடுங்கினால் டாக்டரிடம் அனுப்புங்கள். குடி நோயாளிகளுக்குச் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

---

உள்விசாரணை_வக்கீல்:

அன்றைக்கே வேலையை விட்டு எடுக்க முடியாது. அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கலாம், இறக்கியே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. இறக்குவதற்கு இரண்டாவது ரீடிங் போதும். தண்டிப்பதற்குச் சார்ஜ் மெமோ, பதில் சொல்ல அவகாசம், உள்விசாரணை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எல்லாம் வேண்டும். இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் முதல் 90 நாளுக்கு 50%, பிறகு, தாமதத்துக்கு அவர் காரணம் இல்லை என்றால், 75%.

மெஷின் வாங்கும் முன் காகிதத்தைச் சரி செய்யுங்கள். நிலையாணை (சான்று பெற்ற பணி விதித் தொகுப்பு) இருந்தால் அதில் இந்த விதி ஏற வேண்டும். இல்லாவிட்டால் பணி நியமன ஆணையின் இணைப்பாகத் தமிழில் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சங்கத்தோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தமாகவே போட்டால் இன்னும் உத்தமம். சங்கம் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: சூப்பர்வைசரும் மேனேஜரும்கூட ஊத வேண்டும், சாட்சியாகத் தொழிலாளி தரப்பில் ஒருவர் நிற்க வேண்டும். இரண்டையும் கொடுத்துவிடுங்கள், நியாயமான கேள்விகள்தான்.

"வாடை வந்தது, தள்ளாடினார்" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். வாடையும் தள்ளாட்டமும் மட்டுமே குடிபோதைக்கு முடிவான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. மெஷின் தாள், காலிபரேஷன் சான்று, இரண்டு ரீடிங்கின் நேரம், சாட்சிகளின் கையெழுத்து, டிரைவரின் கையெழுத்து (மறுத்தால் "மறுத்தார்" என்ற குறிப்பு) ஆகியவற்றோடு, நடை, பேச்சு, கண் பற்றிய கவனிப்பையும் சேர்த்து ஒரே படிவத்தில் வையுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று டிரைவரே கேட்டால் உடனே கம்பெனிச் செலவில் அனுப்புங்கள். அதை மறுத்துவிட்டால் உங்கள் ரீடிங்குக்கு மதிப்பு பாதிதான்.

இறக்கிய டிரைவர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக விடாதீர்கள். சாவியை வாங்கி வைத்து, வேறு வண்டியில் அனுப்புங்கள். போகிற வழியில் ஏதாவது ஆனால், தெரிந்தே அனுப்பினீர்கள் என்ற பழி உங்கள் மேல் வரும்.

---

லேப்_சுகந்தி:

போதைப்பொருள் சோதனை ஊதல் மாதிரி எளிதில்லை. கேட்டில் செக்யூரிட்டி கையில், சிறுநீரை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரணம் சின்னது: இந்த ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ், ஒரே கோடு வந்தால் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் தலைகீழாகப் படிப்பார்கள். மங்கலான கோடும் கோடுதான், அது நெகட்டிவ். அட்டையில் போட்டிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 5 நிமிடத்தில், படிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் செல்லாது.

சிறுநீர் எடுக்கும் முறைக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகள் நல்ல மாதிரி. குறைந்தது 45 மி.லி.; அதில் 30 ஒரு பாட்டிலில், 15 இன்னொன்றில். டிரைவர் கண்ணெதிரே சீல் வைத்து, சீல் மேல் அவரே இனிஷியல் போட வேண்டும். கொடுத்த 4 நிமிடத்துக்குள் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்தது அல்லது தண்ணீர் கலந்தது என்று சந்தேகிக்கலாம். கழிப்பறைத் தொட்டி நீரில் நீல நிறம் கலந்துவிடுங்கள், உள்ளே இருக்கும் குழாயை மூடிவிடுங்கள். இரண்டாவது பாட்டில் ஃப்ரீசரில் இருக்கட்டும். முடிவை ஏற்காதவர் அதை வேறு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம்.

ஸ்ட்ரிப் வெறும் வடிகட்டிதான். பாசிட்டிவ் வந்ததை எல்.சி.எம்.எஸ். அல்லது ஜி.சி.எம்.எஸ். என்ற துல்லியமான ஆய்வகக் கருவியில் உறுதி செய்யாமல் யாரிடமும் "நீ பாசிட்டிவ்" என்று சொல்லாதீர்கள். கஞ்சாவுக்கு அதே அமெரிக்க விதியில் முதல் சோதனை வரம்பு மி.லி.க்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனைக்கு 15. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ஆம்ஃபெடமின் (ஊக்க வகைப் போதைப்பொருள்) கோட்டை மறைக்கக்கூடும். கசகசா அரைத்து ஊற்றிய குருமா ஓபியேட் (அபின் வகை) கோட்டில் கைவைக்கும், கோடீன் உள்ள இருமல் சிரப்பும் அப்படியே. ஆகவே மாதிரி எடுக்கும் முன்பே "கடந்த ஒரு வாரத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள்" என்று எழுதி வாங்கி, மூடிய உறையில் டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள். எச்.ஆர். கைக்கு அது போகக் கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய ஓட்டை ஒன்று: வலி மாத்திரை. டேபென்டடாலைப் போதைக்குப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சாதாரண ஓபியேட் ஸ்ட்ரிப் அதைப் பிடிக்காது. டிரமடாலும் அப்படித்தான். ஐந்து வகைப் போதைப்பொருளை மட்டும் பார்க்கும் கிட்டை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆய்வகத்திடம் இந்த இரண்டையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

ஒரகடம்_டிரான்ஸ்போர்ட்:

எல்லோருக்கும் நன்றி. சுகந்தி மேடம், கஞ்சா பாசிட்டிவ் உறுதியானால் அவர் போதையில் வண்டி ஓட்டினார் என்று மெமோவில் எழுதலாமா?

---

லேப்_சுகந்தி:

எழுதாதீர்கள். சிறுநீரில் தெரிவது போதை அல்ல, உடல் கழித்த மிச்சம். எப்போதாவது இழுப்பவருக்கு 3 நாள் வரை, தினமும் இழுப்பவருக்கு 30 நாள் வரைகூடத் தெரியும். பாங் (கஞ்சா இலை பானம்) குடித்தாலும் அதே கோடுதான் மறையும். "உடலில் தடை செய்யப்பட்ட பொருளின் எச்சத்தோடு பணிக்கு வந்தார், இது நிறுவன விதிக்கு எதிரானது" என்று மட்டும் எழுதுங்கள். சமீபத்தில் பயன்படுத்தினாரா என்பதே கேள்வி என்றால் உமிழ்நீர் சோதனை பொருத்தம். அது சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரையிலான பயன்பாட்டையே காட்டும், கழிப்பறை ஏற்பாடும் தேவையில்லை.

---

உள்விசாரணை_வக்கீல்:

குலுக்கல் பற்றி யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் கையில் தேர்வை விட்டால் சங்கத்தில் சத்தம் போடுபவர் பெயர்தான் மாதாமாதம் வரும், இல்லை அப்படித்தான் வருகிறது என்று பேச்சு கிளம்பும். பணியாளர் எண்களைச் சீட்டில் எழுதி, சங்கப் பிரதிநிதி முன்னால் எடுங்கள், எடுத்த பட்டியலில் அவரும் கையெழுத்துப் போடட்டும். ஒருமுறை வந்தவர் சீட்டையும் அடுத்த மாதம் திரும்பப் போட்டுவிடுங்கள்; எடுத்துவிட்டால் "இனி எனக்கு வராது" என்று அவருக்குத் தெரிந்துவிடும்.