ஆரல்வாய்மொழிக் கணவாயின் பழைய காற்றாலைகள்: ஊரைக் கேட்காமல் மாற்றலாமா?

மேலைக்காற்று:
1990களில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பலவும் ஆயுளைக் கடந்துவிட்டன. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் ஒடுங்கிப் பாயும் இந்த அருமையான இடத்தை, 30 முதல் 50 மீட்டர் உயரமே உள்ள சிறு காற்றாலைகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 120 மீட்டருக்கு மேல் காற்று இன்னும் வலுவாகவும் சீராகவும் வீசுகிறது. 3 மெகாவாட் இயந்திரம் ஒன்று, திறனில் 250 கிலோவாட் இயந்திரங்கள் 12க்குச் சமம். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சிறியவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுத்த இனியும் தாமதிப்பது வீண் இழப்பு.

ராதாபுரம் விவசாயி:
ஐயா, தங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. எங்கள் நிலத்தை ஒட்டி நிற்கும் காற்றாடியின் ஓர் இறக்கை முறிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கியர் எண்ணெய் கோபுரத்தில் கருப்பாக வழிந்து, அடிமண் பிசுபிசுத்துக் கிடக்கிறது. உச்சி சாய்ந்ததும் ஆடுகள் அந்தக் கோபுர நிழலில் வரிசையாக ஒதுங்கி, நிழல் நகர நகரத் தாமும் நகர்ந்து, அந்த எண்ணெய் மண்ணில்தான் மேய்கின்றன. உரிமையாளருக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. பழையதை அகற்றாதவர்களை நம்பிப் புதியதற்கு எப்படித் தலையசைப்பது?

நூற்பாலைக்காரர்:
எல்லா உரிமையாளர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் இயந்திரம் மே முதல் செப்டம்பர் வரை இன்றும் ஓடி, எங்கள் ஆலைக்கு மின்சாரம் தருகிறது. உண்மையான சிக்கல் இடைவெளிதான். இறக்கைச் சுற்றின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு குறுக்கிலும் ஏழு மடங்கு காற்றின் திசையிலும் விடுவது வழக்கம். 28 மீட்டர் விட்டத்துக்கு 140 மீட்டர் குறுக்கு இடைவெளி போதும். 140 மீட்டர் விட்டத்துக்கு 700 மீட்டர் வேண்டும். அந்த எல்லைக்குள் பல ஆலைகளின் இயந்திரங்கள் நிற்கின்றன. நாங்கள் ஒன்றுசேர்வதே பெரும்பாடாக இருக்கையில், ஊரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கினால் ஒரு கோபுரம்கூட எழாது.

ராதாபுரம் விவசாயி:
70 மீட்டர் இறக்கையை ஏற்றிய வண்டி எங்கள் தெருமுனையில் எப்படித் திரும்பும்? எந்த மரம் வெட்டப்படும், எந்த ஓடைப்பாலம் உடையும்? குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் புதிய காற்றாலை கூடாது என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. அன்று பொட்டலாக இருந்த இடத்தில் இன்று வீடுகள் உள்ளன. பழைய கோபுரம் நின்ற இடம் என்பதற்காகவே அங்கே புதியதை நிறுத்த முடியாது.

மேலைக்காற்று:
500 மீட்டர் விதியை நானும் மீறச் சொல்லவில்லை. அகற்றும் செலவுக்காக உரிமையாளர் முன்கூட்டியே ஒரு வைப்புத் தொகை கட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும் நியாயமே. கோபுர இரும்பும் செம்பும் விலைபோகும், ஆனால் கண்ணாடி இழையையும் பசையையும் சேர்த்துச் செய்த இறக்கைகளை உருக்க முடியாது. அவற்றைச் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு அனுப்ப வேண்டுமே தவிர, புறம்போக்கில் புதைக்கக் கூடாது. இருப்பினும், திட்டத்தையே தடுக்கும் அதிகாரத்தை ஊருக்குத் தருவதை என்னால் ஏற்க முடியாது. இங்கே இழக்கும் காற்று மின்சாரத்தை நிலக்கரியை எரித்துத்தான் ஈடுகட்ட நேரும்.

ராதாபுரம் விவசாயி:
தடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. அளவைக்கல் ஊன்றுவதற்கு முன்பு, எது இறங்கும், எது ஏறும், வண்டி எவ்வழியே வரும், உழவு ஆழத்துக்காவது அடித்தளக் கான்கிரீட்டை யார் தோண்டி எடுப்பார்கள் என்பதை வரைபடத்தோடு கிராம சபையில் வையுங்கள். காற்றுக்காலம் தொடங்கும் மே 1ஆம் தேதியே சபை கூடுகிறது. நூற்பாலைக்கார ஐயாவும் அன்று வந்தால், அந்த எண்ணெய் மண்ணை நேரில் காட்டுகிறேன்.