சிறுநீரக ரத்தக்குழாய் சுருக்கம்: ஸ்டென்ட் வைக்கலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 68 வயது. நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் 180/100-லேயே நிற்கிறது. இடது கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து 70 சதவீதம் அடைப்பு என்கிறது ஸ்கேன். வலது பக்கம் சரியாக இருக்கிறது. குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழலான ஸ்டென்ட் வைத்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் டாக்டர். வைக்கலாமா?

கரிசல்:
அந்த 'மாத்திரையே வேண்டாம்'தான் இடிக்கிறது தம்பி. 2014-ல் வெளிவந்த கோரல் ஆய்வில் 947 பேர். ஒரு பகுதியினருக்கு ஸ்டென்டும் மாத்திரையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி கெடுவது, எதிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மேல் பிரஷர் ஏதோ 2 பாயின்ட் கூடுதலாக இறங்கியது, அவ்வளவுதான். 2009-ல் வந்த ஆஸ்ட்ரல் ஆய்விலும் இதே கதை.

நாடித்துடிப்பு:
கோரலைக் காட்டியே எல்லாரையும் திருப்பி அனுப்பினால் எப்படி அண்ணே? என் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை ஐசியூ. ஸ்டென்ட் வைத்த பிறகு அது வரவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் கோரலில் எத்தனை பேர் இருந்தார்கள்? மிகக் குறைவு.

கரிசல்:
மூச்சு முட்டல் இருந்தால் நானும் ஸ்டென்ட் பக்கம்தான். இளம்பெண்களுக்குக் குழாய்ச் சுவர் தடித்து வரும் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் குழாயை விரித்தாலே நன்றாகக் கேட்கும். ஆனால் தம்பி கேட்டது அதுவா? அம்மாவுக்கு மாத்திரை நின்றதா, சொல்லுங்கள்.

நாடித்துடிப்பு:
நிற்கவில்லை. நான்கு இரண்டானது.

கரிசல்:
அதைத்தான் சொல்கிறேன். சுருங்கிய பக்கத்துக் கிட்னி, உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, பிரஷர் ஏறுகிறது. அந்த வழியை அடைக்கத்தான் டெல்மிசார்டன் வகை பிரஷர் மாத்திரை. அப்பா போடுகிறாரா தம்பி?

வைகைக்கரை:
கிட்னிக்கு ஆகாதென்று நிறுத்திவிட்டார்கள்.

நாடித்துடிப்பு:
இரண்டு பக்கமும் அடைப்பென்றால் பயப்படுவதில் நியாயமுண்டு. ஒரு பக்கம்தான் என்றால், ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம் பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். கிட்னி டாக்டரான நெப்ராலஜிஸ்டைக் கேளுங்கள். நானே அண்ணன் கட்சிக்கு வந்துவிட்டேன் போல!

கரிசல்:
அப்புறம், வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா? வலிக்கு?

வைகைக்கரை:
மூட்டுவலிக்கு டைக்ளோபினாக். மருந்துக்கடையில் வாங்கி, தினமும் இரண்டு, ஒரு வருடமாக. டாக்டரிடம் சொன்னதில்லை.

கரிசல்:
அடப்பாவமே. பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். முதலில் அந்த அட்டையை எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஸ்டென்ட் எங்கும் ஓடிவிடாது.