தேன், மஞ்சள்தூள் கலப்படச் சோதனை: சிங்கப்பூருக்கு வருகை ஆய்வாளராக வருமுன் என்ன தயார் செய்வது?

தேனடை:
வணக்கம். தஞ்சாவூரில் உணவுப் பதனத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மூன்று மாதம் வருகிறேன். வேலை இரண்டு: தேனில் கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்திருக்கிறதா என்று ஐஆர்எம்எஸ் கருவியில் (கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளப்பது) பார்ப்பது, மஞ்சள்தூளில் ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறதா என்று ஐசிபி-எம்எஸ்ஸில் (நுண்ணளவு உலோகங்களை அளக்கும் கருவி) பார்ப்பது. மாதிரிகளில் பாதி ஊரிலிருந்து வரும், மீதியை லிட்டில் இந்தியாவில் வாங்குவேன். கருவி நேரம் குறைவு. தயாரிப்பில் எங்கே சறுக்கும்? அரிசிப் பாகையும் இதே முறையில் பிடிக்கலாமா? கொசுத்தேன் (கொடுக்கில்லாத சிறு தேனீயின் தேன்) புட்டிகளும் சில உண்டு.

கென்ட்ரிட்ஜ்வாசி:
தேனை மட்டும் சொல்கிறேன். ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் விதத்தை வைத்துத் தாவரங்களை சி3, சி4 என்று பிரிப்பார்கள். தேனீ மொய்க்கும் பூக்கள் பெரும்பாலும் சி3 தாவரங்கள். அவற்றின் கார்பன்-13 அளவு, ஒரு பொதுத் தரப்பொருளோடு ஒப்பிட்டால், சுமார் ஆயிரத்துக்கு −25. கரும்பும் மக்காச்சோளமும் சி4. −10, −12 பக்கம் நிற்கும். தேனை மட்டும் அளந்தால் போதாது. அதே தேனிலிருந்து புரதத்தைப் பிரித்து அளந்து ஒப்பிட வேண்டும். பாகு ஊற்றினால் சர்க்கரையின் அளவு நகரும், புரதத்தின் அளவு நகராது. ஏஓஏசி என்ற பகுப்பாய்வு முறை அமைப்பின் 998.12 முறைக்கு அடிப்படையே இதுதான்.

10 முதல் 12 கிராம் தேனை 4 மி.லி. நீரில் கரையுங்கள். மெழுகு, மகரந்தத்தை முன்பே வடிகட்டிவிடுங்கள். 10% சோடியம் டங்ஸ்டேட் 2 மி.லி., 0.335 மோலார் கந்தக அமிலம் 2 மி.லி. இரண்டையும் தனியாகக் கலந்து உடனே தேனில் ஊற்றி, 80 டிகிரி நீர்த்தொட்டியில் சுழற்றினால் புரதம் திரிதிரியாகத் திரளும். பிறகு மையவிலக்கி, 1500 மடங்கு ஈர்ப்பு, 5 நிமிடம். மேல்நீர் தெளியும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள்.

சறுக்குவது இந்தக் கழுவலில்தான். புரதத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் அதன் அளவு தேனின் அளவை நோக்கி இழுபடும், வித்தியாசம் சுருங்கும், கலப்படத் தேன் சுத்தமானதாகத் தேறிவிடும். எண் பார்வைக்கு அழகாகவே இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கணக்கு: புரதம் −25.0, தேன் −23.5 என்றால் வித்தியாசம் −1.5. சி4 பாகுக்கு −9.7 என்று கொள்வார்கள். வித்தியாசத்தை (−25.0 + 9.7), அதாவது −15.3 ஆல் வகுத்தால் 9.8% சி4 சர்க்கரை. 7%க்கு மேல் போனால் கலப்படம் என்று கொள்வார்கள்.

அரிசிப் பாகு, பீட்ரூட் சர்க்கரை இரண்டும் சி3. இந்த முறைக்கு அவை கண்ணில் படவே படாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எல்சி-ஐஆர்எம்எஸ் அல்லது என்எம்ஆர் (காந்தப்புலத்தில் தேனின் மூலக்கூறுகளைப் பார்த்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் முறை) வேண்டும். என்எம்ஆர் என்றால் அதன் தரவுத்தளத்தில் உங்கள் வட்டாரத் தேன் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் நல்ல தேனையும் அது விலக்கலாம்.

கொசுத்தேனைத் தனியே வையுங்கள். அதில் ட்ரெஹலுலோஸ் என்ற சர்க்கரை மிகுதி, ஈரமும் அதிகம். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தின் 20% ஈர வரம்பை அதன்மேல் திணிப்பது அநியாயம். மலேசியாவில் கெலுலுட் (கொசுத்தேனீயின் மலாய்ப் பெயர்) தேனுக்கென்றே எம்எஸ் 2683:2017 தரம் இருக்கிறது.

உலோகக்கண்:
மஞ்சளுக்கு வருகிறேன். கிழங்கை ஸ்டீல் மிக்ஸியில் அரைக்கவே அரைக்காதீர்கள், பிளேடிலிருந்தே குரோமியம் இறங்கும். அகேட் அல்லது பீங்கான் உரல் எடுங்கள். தூளாக வாங்கியதையும் 200 கிராமாவது நன்றாகக் கலந்த பிறகே 0.5 கிராம் எடுங்கள். ஈய குரோமேட் சீராகப் பரவாது, துகள் துகளாகக் கிடக்கும். ஒரே தூளை இருமுறை அளந்து எண்கள் ஒத்துப்போகாவிட்டால் கருவியைத் திட்டுமுன் கலவையைப் பாருங்கள்.

நைட்ரிக் அமிலத்தில் மைக்ரோவேவ் செரிமானம், 200 டிகிரி வரை. செரிமானம் அரைகுறையானால் மிஞ்சும் கார்பன் ஆர்கானோடு சேர்ந்து நிறை 52இல் நின்று குரோமியம் போல நடிக்கும். குரோமியத்துக்கு ஹீலியம் மோதல் முறையை (ஹீலியம் வாயு இப்படி நடிக்கும் மூலக்கூறுகளை வடிகட்டும்) கட்டாயம் போடுங்கள்.

ஈயம் கூடுதல் என்பது மட்டும் போதாது. ஈய குரோமேட்டில் எடைப்படி ஈயமும் குரோமியமும் ஏறத்தாழ 4:1. நீங்களே காயவைத்து இடித்த கிழங்கின் குரோமியத்தைக் கழித்த பிறகும் அந்த விகிதம் வந்தால் நிறமி சேர்த்திருக்கிறார்கள் என்று வலுவாகச் சொல்லலாம். குரோமியம் ஏறாமல் ஈயம் மட்டும் ஏறினால் மண், அரவை இயந்திரம் என்று வேறு பக்கம் தேடுங்கள். கழிவு அமிலத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கலனில் சேருங்கள்.

பாசிர்பாஞ்சாங்:
கருவி எவ்வளவு நல்லதானாலும், ஒப்பிடச் சுத்தமான மாதிரி இல்லாவிட்டால் முடிவு நிற்காது. அதை ஊரிலேயே சேகரியுங்கள். தேன் என்றால் கூட்டிலிருந்து நேராக. மழைக்காலத்தில் பெட்டிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் வைத்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். அது கரும்புச் சர்க்கரை, யாரும் ஏமாற்றாமலே சி4 ஏறிவிடும். மார்த்தாண்டம் ரப்பர் தேன், மலைத்தேன் என்று வகைக்குச் சில புட்டிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரியுங்கள்: சோதனைக்கு, மறுசோதனைக்கு, இருப்புக்கு.

இங்கே ஈரப்பதம் அதிகம். குளிரிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். உறைந்த தேனை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் எச்எம்எஃப் (சர்க்கரை சூட்டில் சிதைந்து உண்டாகும் பொருள்) ஏறும்.

எந்த மாதிரிக்கு எந்த அனுமதி என்பதை, கிளம்புமுன் உங்கள் ஆய்வகம் வழியாகச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழகக் கருவியில் வந்த எண் ஆய்வுக்கட்டுரைக்குப் போதும். ஒரு கடைச் சரக்கைக் கலப்படம் என்று பெயர் சொல்லி வெளியிட அது போதாது. அதற்கு எஸ்ஏசி-சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும்.

தேனடை:
மிக்க நன்றி. நன்றாக வடிகட்டிய கடைத்தேனில் புரதம் திரளாவிட்டால்?

கென்ட்ரிட்ஜ்வாசி:
கந்தக அமிலத்தை 2 மி.லி. வீதம் கூட்டிப் பாருங்கள், கலங்கல் தெளிந்து திரியும். அப்படியும் போதாவிட்டால் தேனின் அளவை இரட்டியுங்கள். அளக்கவே முடியாத அளவு புரதம் குறைந்திருந்தால் அதையும் முடிவில் எழுதுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.