சின்ன ஊர்கள் வழியே ஒரு நாள் கார் பயணம்: பாதை போட உதவுங்கள்

வணக்கம். வரும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு கிராமப்புறச் சாலைகளில் ஒரு நாள் சுற்ற வேண்டும். பெரியவர்கள் 5, குழந்தை 1, ஏழு இருக்கை வண்டி. கடைசி வரிசையில் பாதியை மடக்கினால்தான் பைகளுக்கு இடம்.

மொத்தம் 160 கி.மீ. வளைவும் ஊர்ச்சந்தியுமான சாலையில் சராசரி வேகம் 40-ஐத் தாண்டாது. ஓட்டம் மட்டும் 4 மணி நேரம். செயலி காட்டும் நேரத்தில் நிறுத்தங்கள் சேராது. முதியவர்கள் இறங்கி ஏறவே பத்து நிமிடம் ஆகும், அதனால் 4 நிறுத்தம், தலா 40 நிமிடம். ஐந்தாவது வேண்டவே வேண்டாம்.

சிக்கல் இதுதான்: செயலியைச் சும்மா விட்டால் நெடுஞ்சாலைக்கே இழுக்கிறது. 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்று போட்டால், வண்டி திருப்ப இடமில்லாத மண்பாதையைக் காட்டுகிறது. இடையில் ஊர்களைச் சேர்த்துப் பாதையைக் கட்டாயப்படுத்துவதைத் தவிர வேறு வழி உண்டா? சிக்னல் இல்லாத இடத்துக்கு வரைபடத்தை முன்பே இறக்கிவிடலாம். ஆனால் புதிதாகச் சாலை அடைத்திருந்தால் அதில் தெரியாதே?

இன்னொன்று. காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்பினால் இரு வேளையும் வெயில் கண்ணில் அடிக்கும். வட்டப் பாதையைத் திருப்பிப் போட்டால், மலை இறக்கம் கடைசியில், களைத்த நேரத்தில் வருகிறது. இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடாகாது, சரி, குழந்தைக்குக் குமட்டுமே. எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள்?