தோள் பையில் கேமரா: அளவு, எடை, அடுக்கும் முறை

பை வாங்கும்போது லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அதிகம் பயன்படுத்தும் லென்ஸைப் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடலில்) மாட்டி, ஹூடை (லென்ஸ் நுனியில் மாட்டும் வெளிச்ச மறைப்பை) திருப்பிப் போட்டு, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் முதல் லென்ஸ் நுனி வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடியும் 24-70 எஃப்/2.8 (24-70 மி.மீ., அகலத் துளை ஜூம்) லென்ஸும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். பையின் உள் உயரம் அதைவிட 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜிப் ஒவ்வொரு முறையும் பாடியில் உரசும், மூடவும் இழுபறியாக இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் வெளி அளவு. உள்ளே தைத்த பஞ்சின் தடிமன் போக மிஞ்சுவதுதான் நமக்குக் கிடைக்கும் இடம்.

*

அளவோடு எடையையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். பாடி 700 கிராம், 24-70 சுமார் 800, 70-200 எஃப்/2.8 சுமார் 1,400, ஃபிளாஷ் 400, வெறும் பையே 1,200 என்று வைத்தால் 4.5 கிலோ ஆகிவிட்டது. தண்ணீரும் சார்ஜரும் இன்னும் சேரவில்லை. ஒற்றைத் தோளில் நாள் முழுக்கச் சுமக்க 4 கிலோவே அதிகம். ஃபிளாஷா, 70-200ஆ என்பதை வீட்டிலேயே முடிவு செய்து ஒன்றை விட்டுவிட்டுப் போவது நல்லது.

ஸ்ட்ராப் 4 முதல் 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். மார்புக்குக் குறுக்காகப் போட்டு, பையின் மேல் விளிம்பு இடுப்பில் நிற்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குக் கீழே தொங்கினால் நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே வரும். ரப்பர் ஒட்டிய தோள் பட்டை நழுவாது, உண்மைதான். ஆனால் பையை முன்பக்கம் இழுக்கும்போது சட்டையையும் சேர்த்து இழுக்கும். ஸ்ட்ராப் மீது வழுக்கி நகரும் பட்டையே வசதி.

*

அடுக்குவதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். லென்ஸ் மாட்டிய கேமராவை நடுவில், லென்ஸ் கீழ்நோக்கி, கிரிப் கைக்கு வரும் பக்கமாக வையுங்கள். இரண்டு பக்கத் தடுப்புகளின் மேல் விளிம்பு கீழ்நோக்கி இருக்கும் பாடியின் முன்பக்கத்தைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் பாடியின் எடையும் அதிர்ச்சியும் லென்ஸ் நுனியிலும், லென்ஸ் பாடியோடு சேரும் மவுண்டிலும் இறங்கும். தடுப்பு உயரம் போதவில்லையென்றால் வெல்க்ரோவைப் பிரித்து ஒரு செ.மீ. மேலே தூக்கி ஒட்டினால் போதும்.

மற்ற லென்ஸ்களைப் பின்மூடி மேலே தெரியும்படி நிறுத்துங்கள். எடுத்ததும் மூடியைத் திருகி நேராக மாட்டிவிடலாம். ஓர் அறையைக் காலியாகவே விடுங்கள். கழற்றிய லென்ஸுக்கு இடமில்லாமல் இரண்டு கையிலும் இரண்டு லென்ஸோடு நிற்கும்போதுதான் ஒன்று கீழே விழுகிறது. ஒரே அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க நேர்ந்தால் நடுவே மடிப்புத் தடுப்பு கட்டாயம்.

மேல்மூடி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்கும் பையைத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கமாகத் திறந்தால் மூடியே கைக்குக் குறுக்கே நிற்கும்.

*

பின்மூடி மேலே என்பதில் ஒரு திருத்தம். முன்கண்ணாடி வெளியே புடைத்திருக்கும் அதிஅகல லென்ஸ்களுக்கு அது வேண்டாம். அவற்றின் முன்மூடி கழன்றால் கண்ணாடியே பையின் அடியில் உரசும்.

பேட்டரி: சார்ஜ் உள்ளவற்றை முனை மேலே, தீர்ந்தவற்றை முனை கீழே என்று ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் பிளாஸ்டிக் மூடி இருக்கட்டும், சாவியோ நாணயமோ பட்டால் ஷார்ட் ஆகும். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே. பொது வரம்பு 100 வாட்-மணி. 7.2 வோல்ட், 2,280 எம்.ஏ.எச். பேட்டரி 16.4 வாட்-மணிதான் என்பதால் கவலையில்லை.

*

மழையுறை போட்டாலும் முதுகுப்பக்கமும் ஸ்ட்ராப்பும் நனையும், அதன் வழியே ஈரம் பஞ்சுக்குள் போகும். வீடு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தடுப்புகளையும் பிரித்துக் காற்றாட விடுங்கள். லென்ஸை மாதக்கணக்கில் பையிலேயே வைப்பது பூஞ்சைக்கு அழைப்பு. சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுத்து நிறைந்தபின் ஒன்றும் செய்யாது. ஏ.சி. அறையிலிருந்து புழுக்கத்துக்குப் போனால் அரை மணி நேரம் ஜிப்பைத் திறக்காதீர்கள், கண்ணாடியில் நீர் கோக்காது.